நாலு செகண்டு அதிகம்

இப்பல்லாம் ஒருத்தனும் கண்ணால் பார்ப்பதில்லை. போனில்தான் பார்க்கிறான். தன் தலையில் மழை விழுந்தாலும் போனில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடையை விரிக்கிறான். அதில் ஒன்று வந்துவிட்டால் போதும், பெற்றவளே வந்து இல்லையென்றாலும் காது கொடுக்க மாட்டான். நான் முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதித்தவன். படிப்பு அஞ்சாம் கிளாஸ். டிக்கெட்டை நீட்டுகிறவன் முகத்தையும் நம்பமாட்டேன், டிக்கெட்டையும் நம்பமாட்டேன். திருப்பிப் பார்ப்பேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஓய்வு கொடுத்து அனுப்பின பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அதனால் ஒரு மாடி ரூமை வாடகைக்குப் பிடித்து 'துப்பறியப்படும்' என்று போர்டு மாட்டினேன்.

போர்டு எழுதிக் கொடுத்தது என் சம்பந்தியம்மா. அதாவது என் மருமகளைப் பெற்றவர். இருபத்தெட்டு வருஷம் தையல் கடை நடத்தினவர். முட்டி போய் மிஷினை மிதிக்க முடியாமல் ஆனதும், பொண்ணு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் சண்டைதான் வரும் என்று சொல்லி என் ரூமுக்கு வர ஆரம்பித்தார். நான் கூப்பிடவில்லை. அதை இங்கே சொல்லி வைத்துவிடுகிறேன்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு வந்தவன் சினிமா டைரக்டர். நாற்பது, நாற்பத்திரண்டு வயசிருக்கும். நல்ல சட்டை, தூக்கமில்லாத கண். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்தான்.

"என் பொண்டாட்டி எடிட்டர் சார். நான் எடுக்கிறதை வெட்டி ஒட்டிப் படமாக்குறது அவதான். பதினோரு வருஷமா ஒரே வீடு, ஒரே ஆபீஸ். போன வாரம் ஏதோ ஒரு நம்பர்லேருந்து இது வந்துச்சு. பாருங்க."

போனை நீட்டினான். நான் வாங்கினேன். சம்பந்தியம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"கொஞ்சம் தள்ளிப் பிடிங்க சம்பந்தி. உங்க மூச்சு பட்டுக் கண்ணாடி மங்குது."

நாற்பது செகண்டு இருக்கும் அந்த வீடியோ. முதலில் ஒரு பெண், ஜன்னலோரம் நிற்கிறாள், கையில் காகிதக் கப். யாரையோ பார்க்கிறாள். மெதுவாகச் சிரிக்கிறாள். என் வீட்டுக்காரி உயிரோடிருந்த முப்பது வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை. அடுத்து ஒரு தாடிக்காரன். நிமிர்ந்து பார்க்கிறான், கையை நெஞ்சில் வைத்துக்கொள்கிறான். மறுபடி அவள், தலையைக் குனிகிறாள். அப்புறம் ஒரு நீள வராந்தா. தாடிக்காரன் போய் ஒரு கதவைத் திறந்து உள்ளே நுழைகிறான். பின்னாலேயே அவள். கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே சிரிப்புச் சத்தம். அவ்வளவுதான்.

"தாடி யாரு?"

"கேமராமேன். என் கூடப் படிச்சவன்."

"எங்க எடுத்தது?"

"எங்க ஆபீஸ்லதான். ஷூட்டிங் முடிஞ்ச அன்னைக்கு எல்லாரும் டீ குடிச்சோம், பேசினோம். ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு ஒருத்தர் ரெண்டு மணி நேரம் சுத்திச் சுத்தி எடுத்தாரு. அதுல இப்படி மாட்டியிருக்கு."

"நாங்க என்ன செய்யணும்?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் என் வீட்டுக்கு வர்றாங்க. தீர்த்துக்கப் போறேன். இனிமே அவ வீட்லயும் இல்ல, என் படத்துலயும் இல்ல. நீங்க அங்க வந்து, விசாரிச்சேன், உண்மைதான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நானே சொன்னா, பொறாமைல சொல்றேம்பாங்க."

"யார் மேல பொறாமை?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

அவன் கொஞ்சம் யோசித்தான். யோசிக்கவேண்டிய கேள்வியே இல்லை அது.

"கேமராமேன் மேலதான். வேற யாரு மேல?"

வீடியோவை என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனான். படியில் அவன் செருப்புச் சத்தம் அடங்குகிற வரைக்கும் சம்பந்தியம்மா காத்திருந்தார். பிறகு கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சம்பந்தி, கிழிஞ்ச பை தானாத் தைச்சுக்குமா?"

"எந்தப் பை?"

"நெஞ்சுல கை வைக்கிறப்போ தாடிக்காரரோட சட்டைப் பை ஒரு ஓரம் பிஞ்சு தொங்குது. அதுக்கப்புறம் வராந்தால நடக்கிறப்போ பை முழுசா இருக்கு. பார்வைக்கும் கதவுக்கும் நடுவுல டெய்லர் யாராச்சும் வந்தாங்களா?"

போட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எத்தனையோ ஆயிரம் டிக்கெட்டில் தேதி திருத்தினதைக் கண்டுபிடித்தவன் நான். என் பெயரில் ரூம், என் பெயரில் போர்டு. கண்டுபிடிப்பது மட்டும் இந்த அம்மா.

"நானும் பார்த்தேன்" என்றேன்.

"எந்தப் பக்கம் பிஞ்சிருந்துச்சு?"

நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

*

கேமராமேனைக் கேமரா வாடகைக்கு விடுகிற கடையில் பிடித்தோம். ஒரு லென்ஸை மூக்குக்கு நேரே தூக்கி வைத்து ஊதிக்கொண்டிருந்தான். அதே தாடி. அதே சட்டையும்கூட. பை தைத்திருந்தது.

சம்பந்தியம்மா அதைத்தான் முதலில் பார்த்தார்.

"இது யார் தைச்சது தம்பி?"

"நானேதான்மா."

"தெரியுது. எலி கடிச்ச மாதிரி இருக்கு. எப்படிக் கிழிஞ்சுச்சு?"

"ஷூட்டிங் முடிஞ்ச அன்னைக்கு எல்லாருமா சேர்ந்து என்னைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சாங்க. தூக்கினது பத்துப் பேரு, பிடிச்சது நாலு பேருதான்."

நான் வீடியோவைக் காட்டினேன். முதல் தடவை பார்க்கும்போது வாயைத் திறந்தான். இரண்டாவது தடவை உட்கார்ந்துவிட்டான்.

"ஐயையோ, இது என்ன சார் கூத்து? நெஞ்சுல கை வச்சது சாவியைத் தேடி. வீட்டுச் சாவி அந்தப் பைலதான் இருந்துச்சு. பை கிழிஞ்சதும் அது எங்கயோ விழுந்துடுச்சு. அந்த நேரம் பார்த்து வீடியோ எடுக்கிறவரு முன்னாடி வந்து நின்னாரு. அவரைத்தான் நிமிர்ந்து பார்த்தேன்."

"வராந்தா?"

"அது ஆரம்பத்துல. எல்லாரும் உட்கார நாற்காலி பத்தல. அந்த ரூம்லதான் அடுக்கி வச்சிருந்தாங்க, எடுக்கப் போனோம். உள்ள ஏற்கனவே எட்டுப் பேரு நாற்காலியை இழுத்துக்கிட்டிருந்தாங்க சார். சிரிக்காம என்ன செய்வாங்க?"

"சாவி கிடைச்சுதா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"இல்லம்மா. பூட்டை உடைச்சோம்."

"பாருங்க சம்பந்தி. ஊரே காதல்னு பார்க்குது. பாவம், மனுஷன் வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு முழிச்சிட்டிருக்கார்."

அவன் டைரக்டரைப் பார்த்து நேரில் பேசுகிறேன் என்று கிளம்பினான். அஞ்சு மணி வரைக்கும் வாயைத் திறக்காதே என்று சொல்லி உட்கார வைத்தேன். அவனை நம்பிவிட்டேன் என்று இல்லை. தாடி வைத்தவன் முகத்தில் பாதி எப்போதும் மறைந்தே இருக்கிறது. ஆனால் பை பொய் சொல்லாது. கடைசியில் நடந்ததை முன்னாலும், முன்னால் நடந்ததைக் கடைசியிலும் யாரோ மாற்றி ஒட்டியிருக்கிறான். யார் என்பதுதான் மிச்சம்.

*

எடிட்டிங் ரூம் மூன்றாவது மாடி. ஜன்னலுக்குக் கனமான திரை, உள்ளே முழங்கால் வலிக்கிற அளவுக்கு ஏசி. ஒரு மேஜையில் இரண்டு பெரிய கம்ப்யூட்டர் திரை. அதன் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு எண். முன்னால் வீடியோவில் பார்த்த அதே பெண், தோளில் ஒரு சால்வை. கதவோரமாக இன்னொரு சின்ன மேஜை. அதில் ஈர்க்குச்சி மாதிரி ஒரு ஆள், அவனுக்கும் நாற்பது இருக்கும். ஒல்லி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்களாம். அந்தப் பெண்ணுக்கு உதவி எடிட்டர்.

"அவர் அனுப்பினாரா?" என்று கேட்டாள் அந்தப் பெண். அழுத முகமாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். இல்லை. வேலை செய்கிற முகமாக இருந்தது.

"அனுப்பினாரு. நாங்க கேட்கிறதுக்குப் பதில் சொன்னாப் போதும். அன்னைக்கு யாரைப் பார்த்து அப்படிச் சிரிச்சே?"

"நான் சொன்னா நம்புவீங்களா சார்?"

"மாட்டேன்."

"அப்ப சொல்றதைவிடக் காட்டுறது நல்லது." அவள் தன் போனை ஒரு புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்தாள். "ரெண்டு நிமிஷம் அந்தச் சுவத்தையே பாருங்க. ஒண்ணும் பண்ணவேண்டாம்."

சுவரில் ஒன்றுமே இல்லை. பார்த்தேன். அதற்குள் ஒல்லி, சம்பந்தியம்மாவிடம் முட்டி வலிக்கு இந்த ஏசி ஒத்துக்குமா என்று ஏதோ கேட்க, அவர், "ஒத்துக்காதுதான். ஆனா எங்க சம்பந்தி பேச்சைவிட இதமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். அதையும் அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். பிறகு மேஜைப் பக்கம் திரும்பினாள். விரல் எங்கே போகிறது எங்கே வருகிறது என்றே தெரியவில்லை. அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"பாருங்க."

திரையில் நான். கண்ணை எடுக்காமல் பார்க்கிறேன். அடுத்து சம்பந்தியம்மா, கண்ணாடியைத் துடைக்கிறார், வெட்கப்பட்ட மாதிரி சிரிக்கிறார். மறுபடி நான், இமையை ஒரு தடவை மூடித் திறக்கிறேன். எச்சில் வேறு விழுங்கியிருக்கிறேன். கடவுளே, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இதை உடனே அழிச்சிடும்மா" என்றார் சம்பந்தியம்மா. "என் பொண்ணு பார்த்தா நாளைலேருந்து எங்க ரெண்டு பேருக்கும் வேற வேற ரூம்ல டீ வரும்."

"இன்னொண்ணு பாருங்க." அதே என் முகம். அடுத்து மேஜை மேல் இருந்த காலி டம்ளர். மறுபடி என் முகம். இப்போது நான் டீ கிடைக்காமல் தவிக்கிற கிழவன்.

"நீங்க ரெண்டு தடவையும் சுவத்தைத்தான் பார்த்தீங்க சார். உங்க பக்கத்துல நான் எதை வைக்கிறேனோ அதுதான் உங்க மனசுல இருக்குன்னு ஆயிடுது. முகத்துக்கு அர்த்தம் முகத்துல இல்ல. அடுத்த துண்டுலதான் இருக்கு."

"சரி, அந்த வீடியோவை யார் வேணா இப்படி ஒட்டியிருக்கலாமே?"

"யார் வேணான்னு சொல்ல முடியாது. அந்தச் சிரிப்புச் சத்தம் எப்ப ஆரம்பிக்குதுன்னு கவனிங்க. கதவு சாத்துறதுக்கு முன்னாடியே லேசாக் கேட்க ஆரம்பிக்கும். காதை முன்னாடி அனுப்பிட்டா, கண்ணு தானாப் பின்னாடியே போயிடும். ஒட்டு தெரியாது. தொழில் தெரிஞ்சவங்க கைப்பழக்கம் அது."

"பட்டி மடிச்சு உள்பக்கமாத் தைக்கிற மாதிரி" என்றார் சம்பந்தியம்மா. அந்தப் பெண் தலையாட்டினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. துப்பறிகிறவன் நான்.

நான் நேராக ஒல்லியிடம் திரும்பினேன்.

"தம்பி, இந்தம்மா வர்றதுக்கு முன்னாடி அந்த டைரக்டருக்கு யார் எடிட்டர்?"

"நான்தான் சார். முதல் ரெண்டு படம்."

"இந்தப் பெரிய நாற்காலில உட்கார்ந்திருந்தே. இப்ப கதவோரம் உட்கார்ந்திருக்கே. பதினோரு வருஷமா தினமும் இந்தம்மா முதுகைப் பார்த்துக்கிட்டு. வயிறு எரியலையா?"

"எரியுது சார்" என்றான். மறைக்கவே இல்லை. "ரெண்டு வருஷம் நல்லா எரிஞ்சுது. இப்பவும் சில நாள் எரியும். அதுக்காக இந்த வீடியோவை என் தலைல கட்டாதீங்க. என் மானம் போயிடும்."

"ஏன்?"

"நான் பண்ணியிருந்தா இப்படி அசிங்கமாப் பண்ணியிருக்க மாட்டேன்." எழுந்து வந்து வீடியோவை ஓடவிட்டான். திரையில் அந்தப் பெண் சிரித்தாள். "இங்க சிரிப்பு முடிஞ்சுது. கதைக்கு வேண்டியது வந்தாச்சு. இங்கதான் வெட்டணும். இப்ப எண்ணுங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. இப்பத்தான் தாடி வர்றாரு. நாலு செகண்டு சார். எதுக்கு இந்த நாலு செகண்டு? ஜனங்க அதுக்குள்ள கொட்டாவி விட்டுருவாங்க. எனக்கு ஏழெட்டுப் படத்துக்குக் கை பழகியிருக்கு, அக்காவுக்கு அதுக்கு மேல. நாங்க ரெண்டு பேரும் இதை விடவே மாட்டோம். கை தானா வெட்டிடும்."

"அப்ப யாரு விடுவாங்க?"

ஒல்லியின் பார்வை அந்தப் பெண் முதுகுக்குப் போனது. அவள் திரும்பவே இல்லை. மஞ்சள் காகிதம் ஒன்றை எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டினாள்.

"அந்த எண்ணெல்லாம் என்னம்மா?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

அவள் ஒவ்வொரு காகிதமாகத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தப் படத்துல அவர் வச்ச கூடுதல். இந்தச் சீன்ல மூணு செகண்டு. அதுல அஞ்சு. இதுல நாலு. அவர் நல்லா எடுப்பாரு. ஆனா எங்க முடிக்கணும்னு தெரியாது. எடுத்ததை விட மனசு வராது. முதல் நாள்லேருந்து என் வேலையே அதை எடுக்கிறதுதான்."

நான் மெதுவாக உட்கார்ந்தேன்.

"அவருக்கு இந்த மிஷின் தெரியுமா?"

"எடிட்டராத்தான் சார் ஆரம்பிச்சாரு" என்றான் ஒல்லி. "சரியா வராமத்தான் டைரக்டரானாரு. போன படம் வந்தப்ப எல்லாப் பத்திரிகைலயும் ஒரே மாதிரி எழுதிட்டாங்க, படத்தைக் காப்பாத்தினது எடிட்டர்னு. அதுலேருந்து அவர் இந்த ரூமுக்குள்ள கால் வைக்கறதில்ல. வாசல்ல நின்னுதான் பேசுவாரு."

யார் மேல் பொறாமை என்று சம்பந்தியம்மா காலையில் கேட்டபோது அவன் ஏன் யோசித்தான் என்று புரிந்தது. தாடிக்காரன் மேல் அவனுக்கு ஒன்றும் இல்லை. தாடிக்காரன் வெறும் துண்டு. பொண்டாட்டியின் கை மேல்தான் எரிச்சல். எடிட்டராக அவள் வேண்டாம் என்று சொன்னால் ஊர் கேட்கும், ஏன் என்று. நடத்தை சரியில்லை என்று சொன்னால் ஒருத்தரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"முதல் தடவை பார்த்தப்பவே. அவர் கையை எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல? அஞ்சு மணிக்கு உன்னை வெளில அனுப்பப் போறாங்க."

"அவரே சொல்லுவாருன்னு இருந்தேன். பத்து நாளா ஒரே வீட்லதானே இருக்கோம்." சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் சொன்னா, இதுலயும் நான்தான் கெட்டிக்காரின்னு ஆயிடும்."

"நீ யாரைப் பார்த்துச் சிரிச்சே? அதை இன்னும் சொல்லல."

"முழு வீடியோ இருந்த மெமரி கார்டை அவர் வாங்கிட்டுப் போயிட்டாரு. ஆனா சத்தத்தைத் தனியா ஒரு மிஷின்ல எடுத்தாங்க. அதை அவர் மறந்துட்டாரு. எப்பவும் மறப்பாரு."

அவள் அந்தச் சத்தத்தைப் போட்டாள். கூட்ட இரைச்சல், கப் உருளுகிற சத்தம், பிறகு டைரக்டர் குரல். எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்தான், கை தட்டினார்கள். அப்புறம் சொன்னான்: "நான் எடுத்தது வெறும் துண்டுதான். இதைப் படமாக்கப் போறது என் பொண்டாட்டி." மறுபடி கை தட்டினார்கள்.

"இந்த வார்த்தைக்காகத்தான் சார் போன படத்துலேருந்து காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

"திரும்பப் போடு" என்றேன் நான். போட்டாள். இந்தத் தடவை விரல் விட்டு எண்ணினேன். "அவனுக்குத் தட்டினது அஞ்சு எண்ணுறதுக்குள்ள நின்னுடுச்சு. உனக்குத் தட்டினது இருபது எண்ணியும் நிக்கல. நீ அவன் வார்த்தையைக் கேட்டே. அவன் கைதட்டலைக் கேட்டிருக்கான்."

சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பரவால்ல சம்பந்தி. காது நல்லாத்தான் இருக்கு" என்றார். பெரிய மனசு பண்ணிப் பரிசு கொடுத்த மாதிரி. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

*

விஷயம் உறுதியாகிவிட்டது, எடிட்டிங் ரூமுக்கு வா என்று போன் போட்டேன். மூன்றே முக்காலுக்கு வந்தான். ஒல்லி சொன்ன மாதிரியே வாசலில் நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை.

"உறுதியாயிடுச்சா?" என்று என்னைக் கேட்டான். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை.

"ஆச்சு. உள்ள வந்து பாரு."

வந்தான். அந்தப் பெண் வீடியோவை ஓடவிட்டாள். அதே ஜன்னல், அதே காகிதக் கப். ஆனால் இப்போது அடியில் அந்தச் சத்தத்தைச் சேர்த்திருந்தாள். நான் எடுத்தது வெறும் துண்டுதான் என்று அவன் குரல் சொல்கிறது, அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். என் பொண்டாட்டி என்று சொல்கிறது, அவள் மெதுவாகச் சிரிக்கிறாள். பிறகு அந்த நாலு செகண்டு. கைதட்டலுக்கு நடுவில் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு செகண்டும் அவனைத்தான்.

தாடிக்காரன் வருகிற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

அவன் கையைப் பிசைந்தான். யார் பண்ணினது என்று அவனும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் கேட்டாள், திரையைப் பார்த்துக்கொண்டே.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சிரிப்பு முடிஞ்ச இடத்துல வெட்டாம எதுக்கு என் முகத்தை அவ்ளோ நேரம் வச்சீங்க?"

"வெட்டத்தான் பார்த்தேன். ரெண்டு தடவை வெட்டினேன். கை வரல, திரும்ப வச்சுட்டேன்."

"அந்தப் பார்வைல இருக்கிறது நீங்க. உங்களையே எடுத்துட்டு இன்னொருத்தரை வச்சிருக்கீங்க."

"உன்னை யாருக்காவது கொடுத்துட்டா அவங்க கைதட்டு நின்னுடும்னு…" என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

ஒல்லி எழுந்து வெளியே போய்விட்டான். விவரம் தெரிந்தவன்.

"மணி நாலாகப் போகுது தம்பி" என்றார் சம்பந்தியம்மா. "பெரியவங்க கிளம்பியிருப்பாங்க."

அவன் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டான். காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். அண்ணன் குரல் கரகரவென்று வெளியில் கேட்டது.

"அண்ணே, யாரும் வரவேண்டாம். ஆமா. அந்த வீடியோ பொய்யாம். யாரோ வேணும்னு பண்ணியிருக்காங்க."

"யாரோ இல்லங்க" என்றாள் அந்தப் பெண். சத்தமாகச் சொல்லவில்லை.

அவன் பேச்சு நின்றது. ஏசி சத்தம் மட்டும் கேட்டது. நான் மனசுக்குள் எண்ணினேன். ஏழு, எட்டு. எங்கே முடிக்கவேண்டும் என்று தெரியாதவன் என்று அவள் சொன்னது சரிதான். பத்து வந்ததும் பேசினான்.

"நான்தான் பண்ணேன்ணே. அவ மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் தாங்கல. உங்க வீட்டுக்கு வந்து சொல்றேன்."

போனைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்தப் பெண் அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு காலால் ஒரு நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்தான். அவள் ஒரு மஞ்சள் காகிதத்தைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தாள்.

"இந்தச் சீன். எங்க முடிக்கலாம், நீங்க சொல்லுங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். எங்களை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். ஒரு நன்றி கிடையாது.

மூன்று மாடி இறங்குகிற வரைக்கும் சம்பந்தியம்மா கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். தெருவுக்கு வந்ததும் சிரித்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது சம்பந்தி. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"கடைசில அவன் பேசினப்போ அந்தப் பக்கம் அண்ணன் இருந்தாரா?"

"என்ன கேள்வி இது? அவருகிட்டத்தானே பேசினாரு."

"யாரோ பண்ணியிருக்காங்கன்னு சொன்னப்போ அண்ணன் குரல் கரகரன்னு வெளில கேட்டுச்சு. அதுக்கப்புறம் நான்தான் பண்ணேன்னு சொல்றான், ஒரு சத்தம் இல்ல. தம்பி தன் பொண்டாட்டி மேல பழி போட்டேன்னு சொல்றான், எந்த அண்ணன் சும்மா இருப்பாரு? போனைக் காதுலேருந்து எடுத்தப்போ விரலால எதையும் அமுக்கவும் இல்ல. நேரா பைல போட்டான். அந்தப் பத்து எண்ணுற நேரத்துல லைன் போயி, வெறும் போன்ல பேசியிருந்தா?"

சம்பந்தியம்மா நின்றார். இதை அவர் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அதிர்ச்சில வாயடைச்சுப் போயிருப்பாரு" என்றார். "அவரே அந்தப் பக்கம் போனை வச்சிருக்கலாம்."

"வச்சிருக்கலாம்."

"அந்தப் பொண்ணு நம்பிட்டா."

"அவ அவன் முகத்தைப் பார்த்தா. நான் கையைப் பார்த்தேன்."

"அப்ப சாயங்காலம் அந்த அண்ணன் வீட்டு வாசல்ல போய் நிப்போம். அவரு அண்ணன்கிட்ட என்ன சொல்றாருன்னு கேட்டாத் தெரிஞ்சுடப் போகுது."

"அதுக்கு நம்மளை யாரும் கூப்பிடல."

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், மனுஷன் திருந்த மாட்டானா, அழுததை நீங்களும்தானே பார்த்தீங்க என்று. பார்த்தேன். அழுதான்தான். நான் அந்த மூன்றாவது மாடி ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். திரை போட்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அவர் முட்டிக்குத் தகுந்த மாதிரி மெதுவாக நடந்தேன்.